வேலை போன பிறகு ஆளை மீட்டெடுப்பது: கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே பலர் செய்வது, பழைய ரெசுமேயைத் தூசி தட்டிக் கண்ணில் படும் வேலைக்கெல்லாம் அனுப்புவது. மூன்று வாரம் பதில் வராது. நான்காவது வாரம் தூக்கம் கெடும், வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். அதற்கடுத்த வாரம் ஆள் போனையே எடுக்க மாட்டார். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வேலை இழந்தவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் சிறு குழுவை நடத்தி வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இதே பாதையில் நடந்து, இதே இடத்தில் இடறிவிட்டுத்தான் வருகிறார்கள்.

மன உறுதி வேண்டும், கற்கும் ஆர்வம் வேண்டும், பரிவு வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் பார்த்த வரையில் வரிசைதான் முக்கியம். பணக்கணக்கு தெரியாமல் புதிய துறையைப் பற்றி விசாரிக்கப் போனால், பயத்தில் கேள்விகளெல்லாம் சம்பளத்தைச் சுற்றியே வரும். தன்னையே திட்டிக்கொண்டிருப்பவர் இன்னொருவருக்கு ஒத்தாசை செய்தால், அதற்கு நன்றி வரவில்லை என்று அதிலும் மனம் நொந்துபோவார். அதனால் கீழே உள்ளதை எண் வரிசையிலேயே செய்யுங்கள். மொத்தம் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் ஆள் குறைத்ததால் வெளியே வந்தவர்களுக்காக எழுதியது இது. தாமாகவே விலகியவர்களுக்கு முதல் படி பாதிதான் பொருந்தும். மற்றவை அப்படியே பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று. போனில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்பவர்கள், எழுதப் போய் வாட்சப்பில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

வாரம் ஒருமுறை உங்களைக் கேள்வி கேட்க ஓர் ஆள். மனைவியோ கணவனோ வேண்டாம், அவர்களும் உங்களோடு சேர்ந்து பயந்துகொண்டிருக்கிறார்கள். பழைய நண்பரோ மச்சானோ யாராவது இருக்கட்டும். "இந்த வாரம் என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. அறிவுரை மழை பொழிபவரைத் தவிருங்கள்.

வேலை நியமனக் கடிதம், நீக்கக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், ஐ.சி. (அடையாள அட்டை) நகல், வங்கிக் கணக்கு விவரம். இவற்றை ஒரே கோப்பில் போடுங்கள். அலுவலக மின்னஞ்சலை முடக்குவதற்கு முன்பே சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு கேட்டு வாங்க அலைய வேண்டியிருக்கும்.

வேண்டாதது ஒன்றும் உண்டு. ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் கைதட்ட வைத்து, ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அனுப்பும் தன்னம்பிக்கை வகுப்பு. வேலை போனவர்கள்தான் அதற்கு முதல் வாடிக்கையாளர்கள். நட்டஈட்டுப் பணம் கையில் இருக்கிறது என்பது நடத்துகிறவர்களுக்கும் தெரியும்.

1. முதல் வாரம்: தாள் வேலையை முடியுங்கள்

மன உறுதியைப் பற்றிய வழிகாட்டி, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் தொடங்குகிறதே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாத வரையில் மனம் இரவு முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். கணக்கைத் தாளில் இறக்கிவிட்டால் அந்த வேலை மனத்துக்கு இல்லை. இன்னொரு காரணம், கெடு. அது உங்கள் மனம் தேறும் வரை காத்திருக்காது.

பெர்கேசோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை கேட்பவராக இருந்தால், கடந்த 24 மாதங்களில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் மாதாமாதம் இறங்கும். அந்தச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து 6,000 வெள்ளி. தாமாக விலகியவர்களுக்கும், ஒப்பந்தம் முடிந்து வந்தவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் இது கிடையாது.

நட்டஈட்டையும் சரிபாருங்கள். 1980ஆம் ஆண்டு வேலை நீக்க நட்டஈட்டு விதிமுறைப்படி, ஓராண்டு முடித்து இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கியவர்களுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காரணமில்லாமல் நீக்கினார்கள் என்று கருதினால், 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் முறையிடவும் அதே 60 நாள்தான் கெடு. இந்த இரண்டு தேதிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

அடுத்தது வீட்டுத் தவணை, கார் தவணை. ஒரு தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போன் செய்யுங்கள். கடன் சுமை கூடுதல் என்றால், கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.வுக்குப் போகலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. தவணை தவறிய பிறகு போனால் பேச இடம் குறைவு, அதனால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன்.

*இங்கே இடறும் விதம்:* இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நெகிழ்வுக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிறதே என்று முதல் மாதமே துடைத்து எடுப்பது. 2024 மே மாதம் அந்தக் கணக்கு வந்ததிலிருந்து இது சாதாரணமாகிவிட்டது. முதலில் உதவித்தொகை, நட்டஈடு, பிறகு கைச்சேமிப்பு, கடைசியாகத்தான் இபிஎஃப். ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று வருகிறவனிடம் ஒப்புக்கொண்டால் நீங்களும் குற்றவாளிதான்.

2. வீட்டில் சொல்லுங்கள்

காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பி, மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கோடு மதியம் வரை உட்கார்ந்து, அப்புறம் ஏதாவது மாலில் ஏர்கானில் சுற்றி, ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். சொல்லாமல் இருப்பதற்கே ஒரு நாளின் சக்தி முழுவதும் போய்விடும். மற்ற எந்தப் படியும் ஏறாது.

எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். பணக்கணக்கை முடித்துவிட்டு அந்தத் தாளோடு உட்காருங்கள். முதல் படி முதலில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். "வேலை போச்சு" என்று மட்டும் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் அழுகைதான் வரும். "வேலை போச்சு, இருக்கிற பணம் நவம்பர் வரைக்கும் தாங்கும், டியூஷனை நிறுத்த வேண்டாம், அஸ்ட்ரோவை நிறுத்தலாம்" என்று சொன்னால் பேச்சு அஸ்ட்ரோ பக்கம் திரும்பிவிடும். அதுதான் வேண்டும்.

பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாக்கியம் போதும். சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள், அது உண்மையைவிட மோசமாக இருக்கும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யாராவது "இப்போ எங்க வேலை?" என்று கேட்பது நிச்சயம். எங்கள் குழுவில் ஓர் அக்கா வைத்திருக்கும் பதில் எனக்குப் பிடிக்கும்: "கம்பெனியில ஆள் குறைச்சிட்டாங்க மாமா, வேற பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க பசியாறியாச்சா?" அதற்கு மேல் யாரும் கேட்டதில்லையாம்.

3. எழுந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள்

தூங்கும் நேரத்தை உங்களால் கட்டாயப்படுத்த முடியாது, எழுந்திருக்கும் நேரத்தை முடியும். ஒரே நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை உட்பட. எழுந்து வெளியே நடங்கள். இங்கே விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிறது, ஒன்பதுக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். அதனால் இடைப்பட்ட நேரம்தான். தீத்திவங்சா ஏரிப் பக்கம் முடிந்தால் சரி, இல்லையென்றால் பிளாட்டைச் சுற்றியே நடங்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, 22ஆம் நாள் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டவர்கள் பலர். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள். அதனால் மழை பெய்து ஒரு நாள் போனால் போகட்டும், மறுநாள் எழுந்துவிடுங்கள்.

4. ஐந்து நாள் எழுதுங்கள்

இது பலருக்கு வெட்கமாக இருக்கும் படி. "நான் என்ன கவிஞனா?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகவே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வேலை இழந்த 63 அலுவலர்களை வைத்து ஸ்பெரா, பூர்ஃபைண்ட், பென்னிபேக்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனை செய்து 1994இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றித் தங்கள் மனத்தில் இருப்பதை எழுதினார்கள். பின்னர் பார்த்தபோது, எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை, கூடுதலாகப் போன் செய்யவுமில்லை.

ஏன் என்பதற்கு எனக்குச் சரியாகப் படும் காரணம் இது. பழைய முதலாளி மேல் உள்ள கோபத்தைத் தாளில் கொட்டிவிட்டவர், நேர்காணலில் அதைக் கொட்டுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் கசப்பை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

செய்முறை எளிது. காலை நடை முடிந்ததும் உட்காருங்கள், 20 நிமிடத்துக்கு மணி வையுங்கள். நடந்தது என்ன, அப்போது எப்படி இருந்தது, இப்போது எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பேசுவது போலவே எழுதுங்கள். எழுத்துப்பிழை, நடுவில் மலாய், ஆங்கிலம் எதுவும் பரவாயில்லை. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம். ஆறாம் நாள் கிழித்துப் போட்டாலும் சரி.

*இங்கே இடறும் விதம்:* இரவில் எழுதுவது. எழுதியது கலக்கும், தூக்கம் போகும். இன்னொன்று, எழுதியதை முகநூலில் போடுவது. பழைய கம்பெனியின் பெயரோடு போட்ட ஒரு பதிவு, புதிய கம்பெனிக்காரர் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்கும்.

எழுதும்போதோ மற்ற நேரத்திலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் இந்த வழிகாட்டியை மூடிவையுங்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் எண் 15555. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு மருந்தகத்தில்) மருத்துவரிடம் சொன்னாலும் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு இங்கே திரும்பி வரலாம், படிகள் எங்கும் போய்விடாது.

5. தன்னைத் திட்டுவதை நிறுத்துங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், நாள் முழுக்க உங்களுக்குள் நீங்கள் சொல்லிக்கொள்வதை அப்படியே எழுதுங்கள். "நாற்பத்தேழு வயசுல தெருவுல நிக்கிறேன்." "என்னை மட்டும் ஏன் தூக்கினாங்க, நான்தான் லாயக்கில்ல." வலப்பக்கம், இதே கடிதம் உங்கள் தம்பிக்கு வந்திருந்து அவன் இதையே உங்களிடம் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

எழுதிப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள். தம்பியிடம் யாரும் "ஆமாடா, நீ லாயக்கில்லதான்" என்று சொல்வதில்லை. "உன் டிபார்ட்மென்ட்டையே மூடிட்டாங்களேடா, உன் வேலையில என்ன குறை? நாளைக்குக் காலையில வா, பசியாறிக்கிட்டே பேசுவோம்" என்பது போலத்தான் எழுதுகிறார்கள். அந்த வலப்பக்கத்தை ஒரு வாரம் காலையில் சத்தமாகப் படியுங்கள்.

தன்பரிவு பற்றி 2003இல் எழுதிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று பகுதிகளைச் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நேர்வதுதான் என்ற உணர்வு, வலியைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. நம் ஆட்களுக்கு இரண்டாவதுதான் கடினம். எனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு அவ்வளவு எளிதில் போகாது. அதனால்தான் குழுவில் உட்காரச் சொல்கிறோம். பக்கத்து நாற்காலியில் பத்து ஆண்டு மேனேஜராக இருந்தவர் அதே கதையைச் சொல்வதைக் கேட்டால், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

*இங்கே இடறும் விதம்:* வலப்பக்கத்தில் "எல்லாம் நன்மைக்கே" என்று எழுதுவது. தம்பியிடம் அதைச் சொன்னால் போனை வைத்துவிடுவான். சொந்தத் தவறு ஏதாவது இருந்தால் அதையும் அதே தொனியில் எழுதுங்கள். அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளாமல் நாள் கடத்தியது உண்மை என்றால் உண்மைதான்.

6. கேள்வியோடு வெளியே போங்கள்

ஆறாம் வாரம் அளவில் இங்கே வருவீர்கள். சீக்கிரம் வர அவசரப்படாதீர்கள். ஆர்வம் என்றால் உடனே ஏதாவது கோர்ஸில் சேருவது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். நான் கோர்ஸுக்கு எதிரி இல்லை. மனிதவளப் பயிற்சிக்கான எச்.ஆர்.டி. கார்ப் நடத்தும் இ-லாத்தி இணையத்தளத்தில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. ஆனால் அந்தத் தொழிலில் இருக்கும் மனிதர்களைப் பார்த்த பிறகுதான் எந்தக் கோர்ஸ் தேவை என்று தெரியும். முன்பே சேர்ந்தவர்களிடம் சான்றிதழ்கள்தான் சேர்கின்றன.

செய்ய வேண்டியது: மாதம் ஒன்றுக்கு நான்கு பேர், வாரம் ஒருவர், உங்கள் துறைக்கு வெளியே வேலை செய்பவராகப் பார்த்துப் போய்ச் சந்தியுங்கள். நெருங்கிய நண்பர்கள் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். தங்களுக்குத் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் எப்போதாவது மட்டுமே பார்க்கிற ஆளாக இருந்தார் என்று 1973இலேயே எழுதினார். பழைய பள்ளித்தோழரின் அண்ணன், லிஃப்டில் பார்க்கும் பக்கத்து மாடிக்காரர், கோயிலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவர், இவர்கள்தான் நீங்கள் தேடும் ஆட்கள்.

போக்குவரத்துக்கு மை50 அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வெள்ளியில் 30 நாள் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பஸ் எதில் வேண்டுமானாலும் போகலாம். கையில் அது இருந்தால் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கச் சாக்குக் குறையும்.

கேட்க வேண்டியவை ஐந்து. நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்? இந்த வேலையில் எதைக் கண்டால் எரிச்சல் வருகிறது? தொடங்கியபோது எவ்வளவு போட்டீர்கள், எப்போது திரும்பியது? இன்று தொடங்கினால் எதை வேறு மாதிரி செய்வீர்கள்? இன்னும் யாரைப் பார்க்கலாம்? ஐந்தாவதை மறக்கவே கூடாது, அடுத்த வாரத்து ஆள் அதிலிருந்துதான் வருவார். "வேலை இருக்கா?" என்று கேட்காதீர்கள். கேட்ட நிமிடமே எதிராளி தப்பிக்கப் பார்ப்பார், பேச்சு முடிந்துவிடும்.

முடிந்தால் பேச்சோடு நிறுத்தாமல் ஒரு நாள் கூடவே போங்கள். ஷா ஆலாமில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், ஏர்கான் சர்வீஸ் செய்யும் ஒரு தம்பியோடு கெப்போங் பிளாட்டுகளுக்குப் போனார். நாற்காலி மேல் நின்று, ஏர்கானுக்குக் கீழே பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. மேலே தண்ணீரைப் பீய்ச்ச, கரி போன்ற அழுக்கு உறை வழியே வாளியில் இறங்கியது. மூன்று வீடு முடிவதற்குள் தோள் போய்விட்டது. இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அன்று அவர் கவனித்தது வேறு. நான்காவது வீட்டில் ஆளில்லை, ஐந்தாவது வீட்டுக்காரர் நேரத்தை மாற்றச் சொல்லி மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தார், தம்பிக்கு அதைப் பார்க்க நேரமில்லை. பாதி நாள் இப்படிப் போகிறது. பல ஆண்டு லோரிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தவருக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? தான் செய்துவந்தது கிடங்கு வேலை என்றே நினைத்திருந்தவர், ஆட்களையும் நேரத்தையும் பொருத்திவிடுவதுதான் தன் கைவேலை என்று நோட்டில் எழுதினார். பிறகு லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் அந்த வேலைக்கே போனார்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வரி எழுதுங்கள்: தெரியாமல் இருந்து தெரிந்துகொண்டது, பிடித்தது, உடம்புக்கோ மனத்துக்கோ ஒவ்வாதது. கடைசி வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். பின்னால் முடிவெடுக்க அதிகம் உதவுவது அதுதான்.

7. வாரம் ஒரு வேலை, இன்னொருவருக்காக

வேலை போன ஆள் எங்கே போனாலும் வாங்குகிற கையாகவே இருப்பார். உதவித்தொகை, ஆறுதல், அறிவுரை, மச்சான் நீட்டும் நூறு வெள்ளி. சில மாதம் இப்படியே போனால் குனிந்து பேசும் பழக்கம் வந்துவிடும். வாரத்தில் ஒரு வேளையாவது கொடுக்கிற கையாக இருந்தாக வேண்டும். நேர்காணலுக்குள் நுழையும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

பரிவு என்றால் மனம் உருகுவது என்று எடுத்துக்கொண்டு, உருகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளும் நேரமும் குறித்த ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மனம் வந்தாலும் வராவிட்டாலும் செவ்வாய் காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் கிளம்புவீர்கள்.

என்ன வேலை? பக்கத்தில் இருப்பதாகப் பாருங்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர் இல்லாத தாமான் இந்த ஊரில் குறைவு. பெரும்பாலோருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மகன் வேலைக்குப் போக வேண்டும், கிராப் போகவர வாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பூச்சோங்கில் கணக்காளராக இருந்து வேலை இழந்த ஓர் அக்கா, மூன்றில் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டார். கீழ்மாடிப் பாட்டியைக் காரில் கொண்டுபோய் விட்டு, உள்ளே படுக்கை தயாராகும் வரை பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரும்பும்போது பாட்டிக்குக் களைப்பில் பேச்சே வராது, காரின் ஏர்கானைக் குறைத்துவிட்டு மின்னல் எஃப்எம்மை மெதுவாக வைத்துக்கொண்டு ஓட்டுவார். அவ்வளவுதான் வேலை. இடைப்பட்ட நேரத்தில் அங்கேயே காத்திருக்கும் குடும்பத்தார் சிலருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினார். பல மாதம் யாருமே அவரிடம் கணக்குக் கேள்வி கேட்டிருக்கவில்லை.

மூன்று நாளும் நானே கொண்டுபோகிறேன் என்று அவர் முதல் வாரமே சொல்லவிருந்தார், தடுத்துவிட்டோம். மூன்றை ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதம் நிறுத்தினால், அந்தக் குடும்பத்துக்கு வேறு ஏற்பாடு இருக்காது. ஒன்றை ஒப்புக்கொண்டு, வேலை கிடைத்த பிறகும் தொடர முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வேலைகளும் இருக்கின்றன. அன்னதானத்தில் பாத்திரம் கழுவலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். 18 வயதுக்கு மேல் ஆரோக்கியமாக இருப்பவர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய ரத்த மையத்தில் ரத்தம் கொடுக்கலாம், ஆனால் அது வாராவாரம் செய்கிற காரியம் இல்லை, இதோடு சேர்த்துச் செய்யலாம்.

*இங்கே இடறும் விதம்:* கோயில் நிர்வாகக் குழுவில் சேருவது. தயவுசெய்து வேண்டாம், முதல் ஆறு மாதத்துக்காவது. நேரம் இருக்கிறதே என்று பொருளாளர் பொறுப்பை உங்கள் தலையில் கட்டுவார்கள். அப்புறம் ரசீதுச் சண்டை, வாட்சப் சண்டை, நான்காவது படியில் கொட்டித் தீர்த்த கோபமெல்லாம் வேறு பெயரில் திரும்பி வரும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் சண்டை குறைவு.

செய்வதைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

8. இப்போது முடிவெடுங்கள்

அப்படியென்றால் அதுவரை வேலையே தேடக் கூடாதா என்று கேட்பீர்கள். தேடலாம், தேடவும் வேண்டும். உதவித்தொகை வாங்குகிறவர் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்தில் பதிந்து, வேலை தேடுவதைக் காட்ட வேண்டியிருக்கும். முதல் மாதத்திலிருந்தே வாரத்துக்குச் சில நல்ல விண்ணப்பங்கள் போகட்டும், நல்லது வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடச் சொல்வது பெரிய முடிவுகளை மட்டும்: துறை மாறுவது, ஊர் மாறுவது, கடை போடுவது.

நோட்டில் ஆறாம் படியின் மூன்று வரிகளை எல்லாம் வரிசையாகப் படியுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். கிடங்குக்காரருக்கு அது "நேரம்". எதில் கண் ஓடுகிறதோ அதைச் சுற்றியே ரெசுமேயைப் புதிதாக எழுதுங்கள். பழைய பதவிப் பெயர்களின் பட்டியலாக வேண்டாம்.

சொந்தத் தொழில் என்றால், நட்டஈட்டுப் பணத்தை முதல் ஆறு மாதம் அதில் போடாதீர்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போட ஆசையா? ஏற்கெனவே போட்டிருப்பவரோடு சில இரவுகள் நின்று, கூடாரம் பிரித்து லோரியில் ஏற்றும் வரை இருந்துவிட்டு வாருங்கள். மழை பெய்த ஒரு நாளாவது அதில் இருக்கட்டும்.

நேர்காணலுக்கு, பழைய வேலை ஏன் போனது என்பதற்கு இரண்டு வாக்கியம் தயார் செய்து, வீட்டில் யார் முன்னாலாவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். "எங்கள் பிரிவை மூடினார்கள், 30 பேரில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு இதையெல்லாம் பார்த்தேன், அதனால்தான் இங்கே வந்தேன்" என்கிற அளவு. இரண்டோடு நிற்காமல் மூன்றாவது வாக்கியத்துக்குப் போய்க் குரல் ஏறினால் இன்னும் நான்காம் படி முடியவில்லை என்று பொருள், மறுபடி ஐந்து நாள் எழுதுங்கள்.

9. சறுக்கும்போது எந்தப் படிக்குத் திரும்புவது

சறுக்கும். கடைசிச் சுற்று வரை போய்க் கைநழுவிய வேலை ஒன்று போதும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தூக்கம் கெட்டிருந்தால் மூன்றாம் படி. வீட்டில் பேச்சு குறைந்திருந்தால் இரண்டு. பணக்கணக்கு மாறியிருக்கும், புதிய தாளோடு உட்காருங்கள். "நான்தான் லாயக்கில்ல" திரும்பி வந்திருந்தால் ஐந்து. எதிலும் ஆர்வமில்லாமல் சோர்ந்து கிடந்தால் பலரும் ஆறாம் படிக்கு ஓடுவார்கள், அது வேலைக்காகாது. ஏழாம் படிக்குப் போங்கள். ஆர்வம் இல்லாமலும் பாட்டியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக முடியும், போகிற வழியில் யாராவது ஏதாவது சொல்வார்கள்.

வாரம் ஒருமுறை கேள்வி கேட்கும் ஆளிடம், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சோர்ந்த நாளில் நீளமாக விளக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

வேலை கிடைத்துவிட்டால், சேர்ந்த உடனே பெர்கேசோவுக்குத் தெரிவியுங்கள். உதவித்தொகைக் காலம் முடியும் முன்பே சேர்ந்தவருக்கு, வாங்காமல் மீந்த தொகையில் 25 விழுக்காடு மொத்தமாகக் கிடைக்கும். புது வேலையின் பரபரப்பில் பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். புது நியமனக் கடிதத்தின் நகலை முதல் வாரமே அதே கோப்பில் போட்டு வைத்தால் விண்ணப்பிக்கும்போது தேட வேண்டியிருக்காது.